மேல் பல்செட்டா, இம்பிளான்ட்டா: ஒரு துண்டுச்சீட்டு கிளப்பிய விவகாரம்

தும்மல் வரப்போகிறது என்றால் பெரியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வார். நாகரிகத்துக்காக என்றுதான் பல வருடமாக நினைத்திருந்தேன். மேல் பல்செட் தெறித்து விழுந்துவிடும் என்ற பயத்தில் பொத்துகிறார் என்பது ஒரு கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது. வடையைப் பிய்த்து ரசத்தில் ஊறப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் ஏன் என்று கேட்டேன். "கடிச்சா பின்னாடி இறங்கிடுதுப்பா" என்றார். அடுத்த வாரமே அவர் மகன் பெங்களூரிலிருந்து ஒரு விளம்பரத் துண்டுச்சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். பல்செட்டைத் தூக்கிப் போடுங்கள், மூன்றே நாளில் நிரந்தரப் பல், நாலே நாலு ஸ்க்ரூ. பணம் நான் தருகிறேன், நீ கூட்டிக்கொண்டு போ என்று எனக்கு உத்தரவு.

கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முன்னும் பின்னும் நிறைய படித்தேன், மூன்று பல் டாக்டர்களிடம் பேசினேன். இந்த விஷயத்தில் விளம்பரங்கள் சொல்லாமல் விடுகிற ஒரு விசித்திரம் இருக்கிறது. பல்செட் ஓரளவு நன்றாக நிற்கிற இடம் மேல்தாடை, இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் முடுக்கிப் பல்லைத் தாங்கவைக்கிற ஸ்க்ரூ, கொஞ்சம் சிரமப்படுகிற இடமும் அதே மேல்தாடை. கீழ்த்தாடையில் இது அப்படியே தலைகீழ். இதைப் புரிந்துகொள்ளாமல் "பல்செட் பழசு, இம்பிளான்ட் புதுசு" என்று முடிவெடுத்தால் லட்சக்கணக்கில் செலவழித்தும் எரிச்சல்தான் மிஞ்சும்.

மேல் பல்செட் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சமையல் மேடையில் தண்ணீர் சிந்தியிருக்கும்போது தட்டையான கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்து, நேரே மேலே தூக்கிப் பாருங்கள், லேசில் வராது. ஓரத்தை மெல்லக் கிளப்பிக் காற்று புகவிட்டால் சட்டென்று வந்துவிடும். மேல் பல்செட்டின் ரகசியம் முழுக்க இதுதான். அண்ணத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே எச்சில் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும், சுற்றிலும் உதட்டுச் சதையும் கன்னச் சதையும் விளிம்பை அடைத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம்தான் சிக்கலான இடம். பல்செட் அளவெடுக்கும்போது டாக்டர் "ஆ... சொல்லுங்க" என்பது தொண்டையைப் பார்க்க அல்ல; ஆ என்னும்போது அண்ணத்தில் எந்தக் கோட்டிலிருந்து சதை அசைகிறது என்று குறித்துக்கொள்ளத்தான், அந்தக் கோட்டில்தான் பின்விளிம்பு முடிய வேண்டும். முன்னால் முடிந்தால் காற்று புகும், பின்னால் போனால் குமட்டும்.

இதனால்தான் மேல் பல்செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது. அதற்கு உட்காரக் கிடைக்கும் இடம் சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர், கீழ்ப் பல்செட்டுக்குக் கிடைப்பது சுமார் 12. போதாக்குறைக்குக் கீழே நாக்கு வேறு ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பல்செட் போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் மேலது பரவாயில்லை, கீழதுதான் ஆடுகிறது என்பார்கள். (முன்பு மேல் பல்செட்டின் நடுவில் ஒரு ரப்பர் வட்டை வைத்து உறிஞ்சிப் பிடிக்கச் செய்கிற வழக்கமும் இருந்தது. அந்த வட்டு வருடக்கணக்காக ஒரே இடத்தை இழுத்து இழுத்து அண்ணத்தில் ஓட்டையே போட்டிருக்கிறது. யாராவது இன்னும் அப்படி ஒன்றை மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.)

சரி, நன்றாக நிற்கிறது, பிறகென்ன என்றால், அதற்குக் கொடுக்கிற விலை அண்ணம். சூடு அண்ணத்துக்கு உறைக்காது, காபி தொண்டைக்குப் போன பிறகுதான் சுடும். மீன் முள் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே மாட்டினால்தானே நமக்குத் தெரியும்? பிளாஸ்டிக்கின் மேல் முள் இருப்பது தெரியாமல் விழுங்கிவிட்டு, அப்புறம் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் ஓடுகிற பல்செட்காரர்கள் உண்டு. பேச்சும் மாறும். தமிழில் இது கொஞ்சம் கூடுதல் தொல்லை, ஏனென்றால் ட, ண, ள, ழ எல்லாமே நாக்கு நுனியை மடக்கி அண்ணத்தைத் தொட்டோ தடவியோ பிறக்கிற எழுத்துகள். அங்கே இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கை ஒட்டினால் வாழைப்பழம் வாயப்பயம் ஆகிவிடும். கொஞ்ச நாளில் நாக்கு பழகிக்கொள்ளும்தான். குமட்டல் மட்டும் சிலருக்குப் பழகவே பழகாது. பல் தேய்க்கும்போதே ஓங்கரிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு அண்ணம் மூடிய பல்செட் தினசரி தண்டனை.

இம்பிளான்ட் கதை தொடங்கியது பல்லில் இல்லை, முயலின் கால் எலும்பில். 1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் காலில் டைட்டானியத்தில் செய்த குட்டிக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. டைட்டானியத்தின் மேல் தானாகவே படிகிற மெல்லிய ஆக்சைடு படலத்தை உடம்பு அந்நியமாக நினைத்து ஒதுக்குவதில்லை. 1965-இல் யோத்தபொரி நகரில் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டைட்டானிய ஸ்க்ரூக்களைப் பொருத்தினார். யோஸ்டா லார்சன் என்ற அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் உழைத்தன. பொருத்திய இடத்தைக் கவனியுங்கள், கீழ்த்தாடை.

அது தற்செயல் இல்லை. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு தேக்குக் கட்டை மாதிரி, ஸ்க்ரூ இறுகிப் பிடிக்கும். மேல்தாடை எலும்பு, அதுவும் கடைவாய்ப் பக்கம், மெல்லிய ஓட்டுக்குள் பஞ்சு. 1981-இல் பிரோனமார்க் குழு தங்கள் 15 ஆண்டு அனுபவத்தை வெளியிட்டபோது, ஐந்து முதல் ஒன்பது ஆண்டு கண்காணித்தவற்றில் கீழ்த்தாடையில் 91 சதவீதம் உறுதியாக நின்றிருந்தன, மேல்தாடையில் 81. அன்றைய ஸ்க்ரூ வழவழப்பானது. இன்று மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள், எலும்பு இன்னும் நன்றாகப் பிடிக்கிறது, அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் மேல்தாடை என்றால் நிதானம் தேவை என்பதில் மாற்றமில்லை. கீழே எலும்போடு ஒட்ட மூன்று மாதம் என்றால் மேலே ஆறு மாதம் என்பதுதான் பழைய கணக்கு. இப்போது சுருக்கியிருக்கிறார்கள், ஆனால் பஞ்சு எலும்பில் அவசரப்படுவதில்லை.

இதற்கு மேல் சைனஸ் ஒன்று இருக்கிறது. கன்னத்துக்குள், மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே ஒரு காற்றறை. பல் இருக்கும்வரை அது தன் இடத்தில் இருக்கும். பல்லைப் பிடுங்கிவிட்டால் கீழிருந்து, பல்லைத் தாங்கியிருந்த எலும்பு கரைந்து மேலே ஏறும், மேலிருந்து சைனஸ் கீழே இறங்கும். நடுவில் மிச்சம் என்ன என்பதைத்தான் ஸ்கேனில் பார்க்கிறார்கள். பெரியம்மாவின் ஸ்கேனைத் திரையில் போட்டு டாக்டரம்மா ஒரு கோடு இழுத்தார். வலப்பக்கம் கடைவாயில் மூன்று மில்லிமீட்டர்.

"ஏம்மா, பல்லுக்கும் மூக்குக்கும் நடுவுல இவ்வளவுதானா?" என்றார் பெரியம்மா.

"இவ்வளவுதாம்மா. பல் பிடுங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

"என் பேரனுக்குக் காது குத்துனப்ப. இருபது வருஷம் இருக்கும்."

சாதாரண இம்பிளான்ட்டின் நீளம் பத்து, பதினொன்று, பதிமூன்று மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் எலும்பில் அதை எங்கே முடுக்குவது? வழிகள் இருக்கின்றன. ஒன்று சைனஸ் லிஃப்ட்: பக்கவாட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, சைனஸின் அடிச்சவ்வைக் கிழிக்காமல் தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருப்பது. அந்தத் தூள் பல நேரம் மாட்டெலும்பிலிருந்து எடுத்தது, செயற்கையாகச் செய்ததும் கிடைக்கும். சைவக் குடும்பங்களில் இதைப் பிறகு கேட்டு அதிர்ச்சியானவர்களை எனக்குத் தெரியும், முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இன்னொரு வழி 1990-களின் கடைசியில் லிஸ்பனில் பாவ்லோ மலோ என்ற பல் மருத்துவர் பிரபலமாக்கியது. முன்னால் இரண்டு ஸ்க்ரூ நேராக, பின்னால் இரண்டைச் சாய்த்து, சைனஸைத் தொடாமல் அதன் முன்சுவரை ஒட்டிப் போடுவது. அந்த நாலின் மேல் ஒரு வரிசைப் பல் முழுதும். துண்டுச்சீட்டில் வந்த நாலு ஸ்க்ரூ இதன் வழிவந்ததுதான். அதற்கும் எலும்பு போதவில்லை என்றால் கன்ன எலும்பு வரை போகிற நீள ஸ்க்ரூ இருக்கிறது, 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை. அதை எல்லோரும் போட முடியாது, போடத் தெரிந்தவரிடம் மட்டும் போக வேண்டும்.

"மூன்று நாளில் பல்" என்பதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், பாதி உண்மை. ஸ்க்ரூ போதுமான இறுக்கத்தோடு ஏறினால் உடனே பல்லைக் கட்டலாம். அப்படி உடனே மாட்டுவது பெரும்பாலும் தற்காலிக பிளாஸ்டிக் பல். எலும்பு ஒட்டிய பிறகு இறுதிப் பல்லை மாட்ட வேண்டும், அதுவரை முறுக்கு, கடலை எதுவும் கூடாது. இறுக்கம் வரவில்லை என்றால் ஸ்க்ரூவை ஈறுக்குள் மூடி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த மாதங்களில் வாயில் என்ன மாட்டுவது? அதே பழைய பல்செட், உட்பக்கம் மெத்தென்ற பூச்சு பூசி. இதை எந்தத் துண்டுச்சீட்டிலும் நான் பார்த்ததில்லை.

மேல்தாடையில் அசையாமல் கட்டிவிடுவதா, கழற்றி மாட்டுவதா என்பதுதான் என் கணக்கில் முக்கியமான கேள்வி. இதில் பலரும் யோசிக்காமல் "கழற்றவே வேண்டாம்" பக்கம் போய்விடுகிறார்கள். பல் போய்ப் பல வருடம் ஆனவர்களுக்கு மேல்தாடை எலும்பு மேலேயும் உள்ளேயும் சுருங்கிவிடும், மேலுதடு குழிந்துவிடும். பல்செட் போட்டால் முகம் நிறைந்து தெரிவது பல்லால் மட்டும் இல்லை, பல்லுக்கு மேலே உதட்டுக்குள் ஏறியிருக்கிற அந்த இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பால்தான். அசையாமல் கட்டுகிற பல்லில் அந்த விளிம்பை வைத்தால் அடியில் சுத்தம் செய்ய முடியாது, விட்டுவிட்டால் உதடு குழிந்தே நிற்கும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே காற்று சீறி ஸ, ஃப எல்லாம் விசிலடிக்கும், சிலருக்கு எச்சில் தெறிக்கும். நல்ல டாக்டர் ஒரு வேலை செய்வார். பல்செட்டின் நகல் ஒன்றைச் செய்து, அதன் முன்விளிம்பை வெட்டி எறிந்துவிட்டு மாட்டிக் கண்ணாடியைக் காட்டுவார். முகம் பிடித்திருந்தால் அசையாப் பல், இல்லையென்றால் கழற்றி மாட்டுவது. பத்து நிமிடச் சோதனை. இதைச் செய்யாமல் நேரே ரேட் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

கழற்றி மாட்டுவது என்றால் பழைய பல்செட்டே இல்லை. நாலு இம்பிளான்ட் போட்டு, அவற்றின் தலையில் சட்டைப் பித்தான் மாதிரி ஒரு பிடிப்பு அல்லது நாலையும் இணைத்து ஒரு கம்பி. பல்செட்டின் அடியில் அதற்கேற்ற குழி. டக்கென்று மாட்டிக்கொள்ளும், தும்மினால் வராது. ஸ்க்ரூ பிடித்துக்கொள்வதால் எச்சிலின் தயவு தேவையில்லை, அண்ணத்தை மூட வேண்டியதில்லை, குதிரை லாடம் மாதிரி வெட்டிவிடலாம். காபியின் சூடும் மீன் முள்ளும் திரும்பக் கிடைக்கும். பித்தானில் உள்ள நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும், அது பெரிய செலவில்லை. ஆனால் மேலே இரண்டே இரண்டு ஸ்க்ரூவில் இதைச் செய்து தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கீழ்த்தாடைக்கு இரண்டு போதும். 2002-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு வெறும் பல்செட்டைவிட இரண்டு இம்பிளான்ட் பல்செட்டையே முதல் தேர்வாக வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சு எலும்புள்ள மேல்தாடைக்கு அந்தக் கணக்கு செல்லாது, குறைந்தது நாலு.

பணத்தைப் பார்த்தால் இந்த வித்தியாசம் உறைக்கும். ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், ஒரு இம்பிளான்ட்டுக்கு 20,000, 30,000 ரூபாய் என்று ஆரம்பிக்கும், மேலே எத்தனை வேண்டுமானாலும் போகும். இரண்டு தாடையும் பல்லில்லாமல், ஒரு தாடைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கீழே போடுங்கள், மேலுக்கு ஒரு நல்ல பல்செட் செய்துகொள்ளுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் பல்கட்டும் துறையிலேயே செய்துகொள்ளலாம், சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது பலருக்குத் தெரியும். மாணவர்கள் செய்வதால் நாலைந்து தடவை நடக்க வேண்டிவரும், ஆனால் ஒவ்வொரு படியையும் பேராசிரியர் பார்த்துத்தான் அடுத்த படி. நம் ஊரில் "பல்செட் சரியில்லை" என்று சொல்லப்படுவதில் பாதி, அவசர அவசரமாக ஒரே தடவை அளவெடுத்துச் செய்த பல்செட்.

இம்பிளான்ட் போடக்கூடாதவர்கள், யோசித்துப் போட வேண்டியவர்கள் பட்டியலில் சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், சிகரெட், புகையிலை விடாதவர்கள், தாடைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்கள் எல்லாம் வழக்கமாக வருகிறவர்கள். வழக்கமாக விட்டுப்போகிறது, எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) போடுகிற ஊசி. வருடத்துக்கு ஒரு தடவை போடுவதால் அதை யாரும் "மருந்து சாப்பிடுகிறேன்" கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டர் கேட்டால் பிரஷர் மாத்திரையைச் சொல்வார்கள், ஊசியைச் சொல்ல மாட்டார்கள். தாடை எலும்பைக் கீறினால் ஆறாமல் போகிற ஆபத்து அந்த மருந்தில் உண்டு. கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று, எண்பத்தைந்து வயதில் இதை யார் தேய்ப்பார்கள்? இம்பிளான்ட் சொத்தையாகாது, ஆனால் சுற்றியுள்ள ஈறு சீழ் பிடிக்கும், எலும்பு கரையும், வலியே இல்லாமல். அசையாமல் கட்டிய பல்லின் அடியில் சின்ன பிரஷ்ஷை விட்டுத் தினமும் எடுக்க வேண்டும். கை நடுங்க ஆரம்பித்தாலோ படுத்த படுக்கையானாலோ, பார்த்துக்கொள்கிறவர் கழற்றிக் கழுவி மாட்டக்கூடியதுதான் பாக்கியம்.

இவ்வளவும் கேட்ட பிறகு டாக்டரம்மா பெரியம்மாவின் உதட்டை விலக்கி மேல் ஈறின் முன்பகுதியை விரலால் அழுத்திக் காட்டினார். எலும்பே இல்லாமல் சவ்வு மாதிரி ஆடியது. கீழே முன்பற்கள் ஆறு மட்டும் அவர் சொந்தப் பல், பின்னால் ஒன்றுமில்லை. இருபது வருடமாக முன்பல்லாலேயே மென்றிருக்கிறார், அந்த ஆறு பல்லும் மேல் பல்செட்டின் முன்பக்கத்தை இடித்து இடித்து எலும்பைக் கரைத்துவிட்டன. முன்னால் கடித்தால் முன்பக்கம் மேலே அமுங்கும், பின்பக்கம் கீழே இறங்கும், காற்று புகும், விழும். 1972-இலேயே எல்ஸ்வொர்த் கெல்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதி வைத்த கோளாறுதான். நாங்கள் மேல் பல்செட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம், கோளாறு கீழ்த்தாடையில்.

"இப்போவே மேல நாலு ஸ்க்ரூ போடலாம்மா. ஆனா கீழ பின்பல் இல்லாம போட்டா, அந்த ஆறு பல்லும் ஸ்க்ரூவையே இடிக்கும்" என்றார். முதலில் கீழே பின்பக்கத்துக்குக் கழற்றி மாட்டும் பல், மேலே அந்த ஆடுகிற ஈறை அழுத்தாமல் அளவெடுத்துப் புது பல்செட். ஆறு மாதம் பார்ப்போம், குறை இருந்தால் மேலே நாலு ஸ்க்ரூ போட்டு, அண்ணம் திறந்த பல்செட். பெங்களூருக்கு போன் போட்டுச் சொன்னேன். "மூணு நாள் வேலைய ஆறு மாசம் ஆக்குறாங்களே" என்றான்.

நாலு மாதம் ஆகிறது. போன வாரம் போனபோது பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து வடையை ஊறவைக்காமல் பின்பல்லால் மென்றுகொண்டிருந்தார். தும்மல் வந்தது, கை தன்னால் வாய்க்குப் போனது, பல்செட் அசையவில்லை. அண்ணம் திறந்தது எப்போ போடலாம் என்று கேட்கிறார். காபி சூடு தெரியவில்லையாம்.